காத்தவராயன் கொடுத்த பதில்கள்

புதுப்பட்டினம் கடைத்தெருவில் அவரைக் காத்தவராயன் என்று யாரும் கூப்பிடுவதில்லை. ‘விஞ்ஞானி’ என்றுதான் பேர். மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள், அத்தனையும் நக்கல். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் அவர். இருபத்தொன்பது வருஷம் கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஒப்பந்த பஸ் ஓட்டினார். முன் சீட்டில் வரும் படித்த மனிதர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதைக் காதில் வாங்கி வாங்கியே அவருக்கு ஒரு வியாதி ஒட்டிக்கொண்டது. உலகத்தின் எந்த மூலையில் எவன் எதைக் கண்டுபிடித்தாலும் அது இவருக்குத் தெரிந்தாக வேண்டும். தெரிந்தால் மட்டும் போதாது, யாரிடமாவது சொல்லியும் ஆக வேண்டும். அங்கேதான் வந்தது வினை.

மனைவி எல்லம்மாள் இருந்தவரை இந்த வியாதிக்கு மருந்து வீட்டிலேயே இருந்தது. மீன் ஆய்ந்துகொண்டே கேட்பாள். அவளுக்கு ஒரு மண்ணும் புரியாது. ஆனாலும் சரியான இடத்தில் “அப்டியா?” என்பாள். “அத்த கண்டுபுட்ச்சி இன்னா பண்ணப் போறானுங்க?” என்று கேட்பாள். காத்தவராயனுக்கு அது போதும். மூன்று வருஷத்துக்கு முன்னால் மாரடைப்பில் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகன் தீனதயாளனுக்கு ஓசூரில் ஷிப்டு வேலை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வான். “நைனா, சாப்ட்டியா? மாத்திர போட்டியா? சரி, வெச்சிடட்டா?” நல்ல பிள்ளைதான், சும்மா சொல்லக் கூடாது. ஆனால் நாலு நிமிஷத்தில் ஒரு பிள்ளையால் எவ்வளவுதான் பேச முடியும்?

தமிழ்வாணன் டீக்கடையில் எல்லோரும் படித்துப் போட்ட பேப்பர் பத்து மணிக்கு மேல் இவர் கைக்கு வரும். “இத்த கேட்டியா தமிழு...” என்று வாயைத் திறந்தால் போதும். “அண்ணாத்த ராக்கெட்டு வுட ஆரம்பிச்சிட்டாரு, எந்திரிங்கடா!” என்று பெஞ்சு காலியாகிவிடும். தமிழ்வாணன் பாய்லர் பக்கம் திரும்பிக்கொள்வான். அதற்கப்புறம் அன்றைக்கு அவரோடு பேச ஆள் கிடையாது. ஒரு நாள் சாயங்காலம், தொண்டையில் குரல் இருக்கிறதா என்று சந்தேகம் வந்து, வீட்டுக்குள் நின்று தன் பேரைத் தானே உரக்கச் சொல்லிப் பார்த்தார். சொன்னதும் வெட்கமாகப் போய்விட்டது. போய் முகத்தைக் கழுவிக்கொண்டார்.

இப்படி இருந்த மனுஷன் வீட்டுக்குத்தான், ஆகஸ்டு மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரு பெண் வந்து நின்றாள்.

“ஐயா, என் பேரு கவியா. ஊரு அச்சரப்பாக்கம். யூனிவர்சிட்டில ஒரு ஆராய்ச்சிக்காக வந்திருக்கேன். அறுபது வயசுக்கு மேல இருக்கறவங்க எப்படி இருக்காங்க, பேச்சுத்துணை இருக்கா, இல்ல தனியா கஷ்டப்படறாங்களான்னு பாக்கறோம். ஆறு மாசம், மாசம் ஒரு தடவ, பதினெட்டுக் கேள்வி. உங்க ஊர்ல நாப்பது பேர குலுக்கல்ல எடுத்திருக்கோம். அதுல உங்க பேரும் வந்திருக்கு.”

ஆராய்ச்சி! காத்தவராயனுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷம் பேப்பரில் மட்டும் பார்த்த சங்கதி, செருப்பைக் கழற்றிவிட்டு அவர் வீட்டுக்குள் ஏறி வந்திருக்கிறது. நாற்காலியைத் தோள் துண்டால் துடைத்துப் போட்டார்.

ஆனால் அவள் வந்த நேரம் அப்படி. ஊரையெல்லாம் சுற்றிவிட்டுச் செங்கல்பட்டு பஸ்ஸைப் பிடிக்க வசதியாக, பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்திலிருக்கும் அவர் வீட்டைக் கடைசியாக வைத்திருந்தாள். மணி ஆறு. அப்போதுதான் அவர் விளக்கேற்றிவிட்டு நிமிர்ந்திருந்தார். விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டில் குறை பேசக் கூடாது என்பது எல்லம்மாள் போட்ட சட்டம். உப்பு தீர்ந்திருந்தால் “உப்பு நெறஞ்சி கீது” என்றுதான் சொல்ல வேண்டும். ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரி அந்த நேரம் பார்த்துச் சர்க்கரை கேட்டு வந்தாள். டப்பா வழித்துத் துடைத்துக் கிடந்தது. “நெறைய கீது, செத்த குந்து” என்று அவளை உட்காரவைத்துவிட்டு, பின்வாசல் வழியாகப் புருஷனைச் சைக்கிளில் கடைக்கு விரட்டினாள் மகராசி! அவள் போனாலும் அவள் சட்டம் போகவில்லை. காத்தவராயன் தினமும் விளக்கேற்றினார், அந்த நேரத்தில் வாயில் நல்ல வார்த்தை மட்டும் வைத்திருந்தார்.

“தினமும் உங்களோட பேசறதுக்கு ஆள் இருக்காங்களா ஐயா?”

அவர் ஒரு கணம் விளக்கைப் பார்த்தார். “கீறாங்கம்மா. நெறைய பேரு.”

“போன வாரம் எத்தன பேர்கிட்ட மனசு விட்டுப் பேசினீங்க?”

“அது கீதே... ஒரு பத்து பேரு வெச்சிக்கோயேன்.”

“உடம்பு சரியில்லன்னா கவனிச்சிக்க ஆள் இருக்கா?”

“ஊரே கீதும்மா!”

கவியா டிக் அடித்துக்கொண்டே போனாள். பதினெட்டும் முடிந்து எழுந்தவள் கண்ணில், மேஜைமேல் பிளாஸ்டிக் கவரில் வெட்டி வைத்திருந்த பேப்பர் துண்டுகள் பட்டன. “இதெல்லாம் என்னங்க ஐயா?”

அவ்வளவுதான். மடை திறந்துவிட்டது. ஆப்பிரிக்காவில் காட்டு யானைகள் ஒன்றையொன்று தனித்தனிப் பேர் வைத்துக் கூப்பிடுகின்றனவாம்! வருஷக்கணக்காக அதுகள் போட்ட சத்தத்தைப் பதிவு செய்து, கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்திருக்கிறார்களாம். ஒரு யானைக்கு அதன் பேர் போலிருந்த சத்தத்தைப் போட்டுக் காட்டினால் காதை விரித்துக்கொண்டு வருகிறதாம். வேறு யானையின் பேருக்கு அவ்வளவாகத் திரும்புவதில்லையாம்.

கவியா பையை மறுபடி கீழே வைத்தாள். “பேரு வெக்கிறது யாரு? அம்மா யானையா?”

காத்தவராயனுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அவர் சொன்ன சேதியைப் பற்றி எதிராளி ஒரு கேள்வி கேட்டு மூன்று வருஷம் ஆயிற்று. “அத்த போடலம்மா,” என்றார். “அடுத்த மாசம் வா, தேடி வெக்கிறேன்.” அவள் அன்றைக்கு ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் போனாள்.

அப்புறம் அவருக்கு மாதம் என்பது முப்பது நாளில்லை, அந்த ஒரு சனிக்கிழமைதான். மற்ற நாட்களெல்லாம் அதற்கு ஏற்பாடு. பேப்பர் துண்டுகளில் எதை முதலில் சொல்வது, எதைக் கடைசிக்கு வைப்பது என்று அடுக்கி அடுக்கி மாற்றுவார். பாலை அன்றைக்கு மட்டும் அரை லிட்டர் கூடுதலாக வாங்குவார். இரண்டாம் மாதம் ‘ஐயா’ போய் ‘பெரிப்பா’ வந்தது. அன்றைக்குத் தண்ணீர் காணாத தக்காளிச் செடியின் கதை. நம் காதுக்கு எட்டாத சத்தத்தில் செடி மணிக்கு முப்பது, நாற்பது தரம் ‘சடக், சடக்’ என்கிறதாம். தண்ணீர் ஊற்றி வளர்த்த செடி அவ்வளவாகச் சத்தம் போடுவதில்லையாம்.

“ஐயோ பாவம்,” என்றாள் கவியா. “எங்க வூட்டுத் தொட்டிச் செடிக்குத் தண்ணி ஊத்தி நாலு நாள் ஆவுது பெரிப்பா.”

“அப்ப அது உன்ன திட்டிக்கினு கீதும்மா!” என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த வீட்டுச் சுவர்கள் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்றோ.

அன்றைக்குத்தான் கவியா வாய் தவறி ஒன்றைச் சொன்னாள். சொல்லக் கூடாததுதான், டீ குடித்த சந்தோஷத்தில் வந்துவிட்டது. “இது முடிஞ்சா அடுத்த கட்டம் இருக்கு பெரிப்பா. ரெண்டு வருஷம், வாராவாரம், பேச்சுத்துணைக்கு ஒருத்தர் வீட்டுக்கே வந்து ஒரு மணி நேரம் இருந்துட்டுப் போவாங்க. எந்த ஊருக்குன்னு இந்த ரிசல்ட்ட பாத்துத்தான் முடிவு பண்ணுவாங்க. இந்தப் பக்கம் வந்தா என்னையே போடுவாங்க.”

வாராவாரம்! ரெண்டு வருஷம்! நூற்றுநாலு சனிக்கிழமை என்று அவள் தெருமுனை திரும்புவதற்குள் கணக்குப் போட்டுவிட்டார்.

அடுத்து நடந்ததற்கு அவரைத் திட்டுவதா, இத்தனை வருஷம் ஓட்டிய பஸ்ஸைத் திட்டுவதா, எனக்குத் தெரியவில்லை. ஒப்பந்த வண்டி ஓட்டினவனுக்கு ஒரு பாடம் எலும்பு வரைக்கும் ஏறியிருக்கும். வண்டியில் ஒரு புத்தகம் இருக்கும், தினமும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பிரேக் பிடிக்கவில்லை, சீட் கிழிந்திருக்கிறது என்று எவன் உள்ளதை எழுதுகிறானோ, அவனுக்கு அடுத்த வருஷம் வண்டி கிடையாது. ‘குறை ஏதும் இல்லை’ என்று எழுதுகிறவனுக்கு ஒப்பந்தம் நீளும். புத்தகம் சுத்தமாக இருந்தால்தான் வேலை வரும். இருபத்தொன்பது வருஷம் வண்டியின் குறையை மெக்கானிக் காதில் ரகசியமாகச் சொல்லிச் சரிசெய்து, புத்தகத்தில் ‘குறை ஏதும் இல்லை’ என்று எழுதிப் பிழைத்த மனுஷன் வேறு எப்படி யோசிப்பார்? நல்ல பதில் சொன்ன ஊருக்குத்தான் பெண்ணை அனுப்புவார்கள் என்று முடிவு கட்டிவிட்டார்.

தான் மட்டும் சொன்னால் போதுமா? மீதி முப்பத்தொன்பது பேரும் உளறி வைத்துவிட்டால்? கடைத்தெருவில் பேச்சற்றுக் கிடந்தவர், வீடு வீடாக ஏறி இறங்கினார். “அந்தப் பொண்ணு வந்து கேட்டா நல்லா கீறேன்னு சொல்லு. அழுது வெக்காத. நம்ம ஊருக்கு மார்க்கு கொறையக் கூடாது.” சனங்கள் சிரித்துக்கொண்டே சரி என்றார்கள். வந்தவளிடம் வீட்டுக் குறையை அவிழ்த்துக் கொட்ட யாருக்கும் முன்பும் மனமில்லை, விஞ்ஞானி வேறு சொல்லிவிட்டார்.

சந்திரம்மா ஒருத்திதான் மறித்தாள். மாதாகோவில் தெருவில் ஒண்டிக்கட்டையாக இருக்கிற கிழவி. “எனக்கு ஆரு கீறா, விஞ்ஞானி? இருக்கற வேதனைய சொல்லிட்டா மனசு லேசாவும்னு பாத்தேன்.”

“சொல்லாத சந்திரம்மா. சொன்னா அந்தப் பொண்ணு வராது. சொல்லாம இருந்தா வாராவாரம் வந்து உன் பக்கத்துல குந்தும்.”

“நெசமாவா?”

“நான் எத்தன ஆராய்ச்சி படிச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா?” என்றார். சந்திரம்மா தலையாட்டினாள்.

ஐப்பசி மழை வந்தது, போனது. ஆறாம் மாதம் கவியா வந்தபோது, வானத்தில் சுற்றும் ஒரு கல்லிலிருந்து விண்கலம் அள்ளி வந்த மண்ணில் உயிருக்கு அடிப்படையான பொருட்கள் கிடைத்த சேதியைத் தயாராக வைத்திருந்தார். அவளும் முழுசாகக் கேட்டாள். போகும்போது “ரிசல்ட் வந்ததும் சொல்றேன் பெரிப்பா” என்றாள்.

மாசி போனது, பங்குனி போனது. சனிக்கிழமைகளில் வெறுமனே வாசலில் நின்றார். பால் மட்டும் பழக்க தோஷத்தில் கூடுதலாக வாங்கி, தானே இரண்டு டம்ளர் டீ குடித்தார்.

ஏப்ரலில் ஒரு நாள். டீக்கடையில் பேப்பரைப் பிரித்தவர், உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து நின்றுவிட்டார். உள்பக்கத்தில், அவர் தினமும் முதலில் தேடும் அறிவியல் செய்திகளுக்கு நடுவே, நாலு விரல் அகலத்தில் ஒரு செய்தி. கடலோர ஊர்களில் முதியவர்களிடம் தனிமை மிகக் குறைவு என்று ஆய்வில் தெரியவந்திருக்கிறதாம். நகரத்து முதியவர்களைவிட இவர்கள் உறவும் நட்பும் சூழ வாழ்கிறார்களாம்.

“தமிழு! டேய் தமிழு! இது நம்மடா! அந்தப் பொண்ணு கேள்வி கேட்ட நாப்பது பேர்ல ஒருத்தன் நானு!”

முதல்முறையாகப் பெஞ்சு காலியாகவில்லை. தமிழ்வாணன் பாய்லரை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தான். “அட, மெய்யாலுமே விஞ்ஞானி ஆயிட்டியே அண்ணாத்த!” என்று ஒரு டீயைக் காசு வாங்காமல் கொடுத்தான். காத்தவராயன் நேரே சந்திரம்மா வீட்டுக்குப் போய், “பாஸாயிட்டோம்” என்று சொல்லிவிட்டு வந்தார். அந்தக் கிழவி சந்தோஷத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் கவியா வந்தாள். காலை பதினொரு மணி. கையில் ஒரு சான்றிதழ், ‘ஆய்வுக்கு ஒத்துழைத்தமைக்கு நன்றி’ என்று அவர் பேர் போட்டது.

“உக்காரும்மா, உக்காரு. எந்தக் கிழமைலேர்ந்து வர?”

கவியா உட்கார்ந்தாள். “இல்ல பெரிப்பா. அந்தத் திட்டம் இங்க வரல. திருவள்ளூர் பக்கம் போயிடுச்சு. அங்கதான் நெறைய பேரு ஆள் இல்லாம இருக்கோம்னு சொல்லியிருக்காங்க. இங்க யாருக்கும் தேவை இல்லன்னு அறிக்கைல வந்திருச்சு.”

காத்தவராயனுக்குச் சட்டென்று ஏறவில்லை. “நல்லா சொன்ன ஊருக்குத்தானே குடுப்பாங்க?”

“அது எப்படி பெரிப்பா? கஷ்டம் இருக்கற இடத்துக்குத்தானே துணை அனுப்புவாங்க?”

அவர் சான்றிதழை மேஜைமேல் வைத்தார். எவ்வளவு சின்ன விஷயம்! இத்தனை ஆராய்ச்சி படித்த மண்டைக்கு எட்டாமல் போயிற்றே!

“நான் சொன்னது அத்தனையும் பொய்யிமா,” என்றார்.

“எது?”

“எல்லாம். பத்து பேருகிட்ட பேசினேன்னனே, அது பொய்யி. ஊரே பாத்துக்கும்னனே, அது பொய்யி. சாயங்காலமானா இந்த வூட்ல என்னால இருக்க முடியலம்மா. மத்தவங்களையும் நாந்தான் அப்டி சொல்லச் சொன்னேன். சந்திரம்மா உள்ளத சொல்ல வந்துச்சி, நாந்தான் வாய அடச்சேன்.”

கவியாவின் முகம் சிவந்துவிட்டது. “ஆறு மாசம் பெரிப்பா! வெயில்லயும் மழையிலயும் வூடு வூடா அலஞ்சேன். உங்க ஊரு பதில்தான் ஒரே சீரா இருக்குன்னு மேடம் என்னைப் பாராட்டினாங்க. எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததா?”

அவர் அதுவரை அவளுக்குச் சொல்லாத ஒன்றைச் சொன்னார். “எல்லம்மா சாவற அன்னிக்கு, வெளக்கேத்திட்டு செவுத்த புட்ச்சிக்கினு நின்னா. இன்னாடி ஆச்சுன்னேன். நல்லாத்தான் கீறேன்னா. வெளக்கு வெக்கிற நேரத்துல வேற எப்படிச் சொல்லுவா? நானும் நம்பிட்டு டீவிய பாத்துக்கினு இருந்தேன். ஒரு மணி நேரம் போச்சு. ஆஸ்பத்திரில, இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமேன்னாங்க. அவ சொன்னத நான் நம்பினேன். நான் சொன்னத நீ நம்பிட்ட.”

கவியாவின் கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. “நான் மேடம்கிட்ட சொல்லிப் பாக்கறேன் பெரிப்பா,” என்றாள். அப்புறம் அவளே, “ஆனா மாத்த மாட்டாங்க. அறிக்கை அனுப்பியாச்சு. என் வேலையும் இந்த மாசத்தோட முடியுது” என்றாள்.

“அப்ப கணக்குல சேர்க்க வாணாம். எனக்காக இன்னொரு தபா கேளு. உள்ளத சொல்றேன்.”

பையில் மிச்சமிருந்த வெற்றுத் தாள் ஒன்றை எடுத்து அட்டையில் செருகினாள். வெளியே கல்பாக்கம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

“தினமும் பேசறதுக்கு ஆள் இருக்காங்களா?”

“இல்ல.”

“போன வாரம் எத்தன பேர்கிட்ட மனசு விட்டுப் பேசினீங்க?”

“போன வாரம் ஆரும் இல்ல. இன்னிக்கு உங்கிட்ட பேசறேன். ஒன்னுன்னு போட்டுக்கோ.”

கவியா பேனாவைத் தாளில் வைக்காமல் இருந்தாள். “என்னைச் சேர்க்கக் கூடாது பெரிப்பா. கேள்வி கேக்க வந்தவங்கள கணக்குல எடுக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கு.”

“அப்ப சைபரா?”

“ஆமாம்.”

“போட்டுக்கோ,” என்றார்.

அவள் போட்டாள். இப்படியே ஒவ்வொன்றாகப் பதினேழு கேள்வி. முன்பெல்லாம் கால் மணி நேரத்தில் முடிந்தது, இன்றைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. உடம்புக்கு முடியாமல் கிடந்த மூன்று நாளைப் பற்றிச் சொன்னார், தன் பேரைத் தானே சொல்லிப் பார்த்ததைச் சொன்னார். கவியா எழுதிக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். பதினேழு முடிந்ததும் தாளை மடித்துப் பைக்குள் வைக்கப் போனாள்.

“இன்னொன்னு கீதே?”

“அது வேணாம் பெரிப்பா.”

“மாசா மாசம் கடைசியா கேப்பியே. கேளும்மா.”

கவியா தாளைப் பிரித்தாள். அந்த ஒரு வரி அவளுக்கு மனப்பாடம்தான், ஆனாலும் தலை நிமிராமல் தாளைப் பார்த்தே படித்தாள். “அடுத்த மாதம் உங்களைச் சந்திக்க நான் வரலாமா?”

“வாம்மா,” என்றார் காத்தவராயன். “சனிக்கிழமையே வா.”